குறை சொல்ல இடமே இல்லாத கூட்டம்

பெரிய மார்க்கெட்டில் எங்களுக்குக் கயிறும் கூடையும் முறமும் விற்கிற கடை. அப்பா வைத்த கடை. சங்கக் கூட்டம், சமாதானக் கூட்டம், கண்டனக் கூட்டம், இரங்கல் கூட்டம் என்று எத்தனையோ கூட்டங்களுக்கு அந்தக் கடையைப் பாதி சாத்திவிட்டுப் போய்வந்திருக்கிறேன். ஆனால் மார்க்கெட்டைப் புதுப்பிப்பது பற்றி வியாபாரிகளின் கருத்தைக் கேட்பதற்கென்று ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டினார்களே, அதற்கு ஈடாக ஒன்றை நான் பார்த்ததில்லை. நடத்தியவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை. பெயர் எதற்கு, செய்த காரியம் நிற்கிறது. அந்தக் காரியத்தை வாய்விட்டுப் புகழாமல் போனால் என் மனசு ஆறாது.

அழைப்பிதழிலிருந்தே தொடங்க வேண்டும். வழவழப்பான கனத்த அட்டை, தங்க நிற எழுத்து. கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு நேர்த்தியாக இப்போது யாரும் அடிப்பதில்லை. மேடையில் அமரப்போகும் 14 பேரின் பெயரும் பட்டமும் பதவியும் ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தன. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை, பிறகு மதிய உணவு. எதைப் பற்றி முடிவெடுக்கப்போகிறோம் என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. அதனால் வந்தவர்களில் ஒருவரும் முன்கூட்டியே ஒரு கருத்தைச் சுமந்துகொண்டு வரவில்லை. திறந்த மனதோடு வந்தார்கள். அந்த அட்டையைத் தபாலில் போடாமல், முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கடை கடையாக வந்து கையிலேயே கொடுத்தார்கள். மறந்துபோவதற்கு யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

நாள் ஞாயிற்றுக்கிழமை. நேரம் காலை 10 மணி. பெரிய மார்க்கெட்டில் ஞாயிறு காலை 10 மணி என்றால் என்ன என்று புதுச்சேரியில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேரு வீதிப் பக்கமிருந்தும் காந்தி வீதிப் பக்கமிருந்தும் பையோடு ஜனம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். மீன் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. வாரம் முழுவதும் விற்காததை அந்த நாலு மணி நேரத்தில் விற்றுக் கடனை அடைக்கிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஒருவருடைய வியாபாரத்தையும் இந்தக் கூட்டம் கெடுக்கவில்லை. அவரவர் கூடையோடு அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். அவர்களுடைய மார்க்கெட் என்ன ஆகும் என்ற பேச்சு, அவர்களுக்குச் சிரமம் இல்லாமல், கொஞ்சம் தள்ளி நடந்தது.

அழைத்தவர்களின் பட்டியலைத் தயாரித்த விதத்தையும் சொல்ல வேண்டும். கடை உரிமம் இருக்கிறவர்களின் பதிவேட்டை வைத்து, ஒரு பெயர் விடாமல் எழுதியிருந்தார்கள். இறந்துபோன என் அப்பாவுக்கும் அழைப்பு வந்தது. பதிவேட்டில் இன்னும் அவர் பெயர்தான் இருக்கிறது. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து கீரையும் பூவும் கருவாடும் விற்கிறவர்கள் தினமும் அடிக்காசு கட்டுகிறவர்கள். ஆனால் அடிக்காசு ரசீதில் காசுக்குத்தான் இடம் உண்டு, பெயருக்கு இடம் கிடையாது. பெயர் இல்லாதவர்களுக்கு அட்டை எப்படிக் கொடுப்பது? பதிவேட்டில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் பின்பற்றினார்கள். ஆவணத்தின்மீது இவ்வளவு பக்தி இருப்பவர்களைப் பார்ப்பது அரிது.

இதே நாட்டில் 2014-ல் தெரு வியாபாரிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஊர்தோறும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அந்தக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஒரு கூட்டம் நன்றாக நடக்குமா நடக்காதா என்பது நாற்காலியில் உட்காருகிறவர் யார் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம். எங்கள் கூட்டத்தில் பெண்கள் இருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்ற ஒருவரும், கடவுள் வாழ்த்துப் பாட இருவரும், வாசலில் சந்தனமும் கற்கண்டும் நீட்ட நால்வரும்.

10 மணிக்கு என்று போட்ட கூட்டம் 10.45-க்குத் தொடங்கியது. சிறப்பு விருந்தினர் வந்து சேராமல் ஒரு வார்த்தைகூடப் பேசவிடவில்லை. வந்த விருந்தினருக்கு இவ்வளவு மரியாதை செய்து நான் கண்டதில்லை. 14 பேருக்கும் பொன்னாடை. ஒவ்வொருவருடைய பெயரையும் முழுப் பட்டத்தோடு சொல்லி, போர்த்தி, படம் எடுத்து, அடுத்தவரை அழைத்தார்கள். பிறகு பேசியவர் ஒவ்வொருவரும் மேடையில் இருந்த மற்ற 13 பேரையும் ஒருவர் விடாமல் விளித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். வரவேற்றவர் ஒரு கால் மணி நேரம் வரவேற்றார். வாழ்த்தியவர்கள் மனதார வாழ்த்தினார்கள். மார்க்கெட்டின் பெருமையைப் பேசினார்கள். கூபேர் மார்க்கெட் என்று ஏட்டில் இருந்தாலும் ஊர் வாயில் அது பெரிய மார்க்கெட்தான் என்று மூன்று பேர் சொன்னார்கள். அது உண்மையும்கூட. கீழே உட்கார்ந்திருந்த நாங்கள் மார்க்கெட்டைப் பற்றித் தெரியாத ஒன்றைக்கூட அன்று கேட்கவில்லை. ஆகவே யாருக்கும் குழப்பம் வரவில்லை.

பெரிய மார்க்கெட்டில் இருப்பவர்களுக்குக் குழப்பம் இல்லாமல் இருப்பது சாதாரணக் காரியமில்லை. புதுச்சேரி 2017-ல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானதிலிருந்து இந்த மார்க்கெட்டைப் புதிதாகக் கட்டும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரேயடியாக இடித்துக் கட்டுவதா, பகுதி பகுதியாகச் சீரமைப்பதா? வேலை முடியும்வரை ரோடியர் மில் என்று பழைய ஆட்கள் சொல்லும் ஏ.எப்.டி. திடலுக்குப் போவதா? போனால் வாடிக்கை பின்னால் வருமா? மீன் ஏலத்தை ஈ.சி.ஆர். பக்கத்து நவீன அங்காடிக்கு மாற்ற முயன்றபோது மீன்காரப் பெண்கள் ஏன் அவ்வளவு உறுதியாக எதிர்த்து நின்றார்கள்? எங்கள் கல்லாவைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்விகளில் ஒன்றாவது இருக்கிறது. அவ்வளவு கேள்விகளும் மண்டப வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டன. அன்றைக்கு உள்ளே ஒரு கல்யாணக் களைதான் இருந்தது.

12.40-க்குத் திரையில் படம் போட்டார்கள். அழகான படம். அகலமான நடைபாதை, மேலே வெளிச்சம் விழும் கூரை, வெள்ளைத் தரை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஒரு செதில் இல்லை, ஒரு முட்டைக்கோஸ் இலை இல்லை. நடைபாதையில் கைகோத்து நடந்துபோகும் ஆண்களும் பெண்களும் தெரிந்தார்கள். அவர்கள் யார் கையிலும் பை இல்லை. தரையில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரும் இல்லை. வரைந்தவர் மனசு சுத்தமான மனசு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மளிகைக் கடைக்காரர் தன் கடை எங்கே வரும் என்று திரையில் தேடி எழுந்து நின்றார். படம் மாறிவிட்டது.

நான் பார்த்து வளர்ந்த கூட்டம் வேறு. சின்னப் பையனாக இருந்தபோது விடியற்காலையில் அப்பாவோடு வந்து மீன் ஏலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதுவும் கூட்டம்தான். நாற்பது ஐம்பது பெண்கள் வட்டமாக நிற்பார்கள். பேச வேண்டிய பொருள் நடுவில் தரையில் கொட்டிக் கிடக்கும்: ஒரு கூடைச் சங்கரா, இல்லையென்றால் ஒரு குவியல் நெத்திலி. யாரும் அதை வர்ணிக்க வேண்டாம். கண் சிவந்திருக்கிறதா, செவுள் வெளுத்திருக்கிறதா என்று குனிந்து அவரவர் பார்த்துக்கொள்வார்கள். ஏலம் விடுகிறவர் ஒருவர்தான். அவர் ஒரு கூறை எடுத்தால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். பின்வரிசையில் நிற்கிற ஒல்லியான அம்மாவின் விரல் உயர்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியும். தெரியாவிட்டால் முன்வரிசைக்காரர்களே சத்தம் போட்டுச் சொல்வார்கள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். யாருக்கு, என்ன விலைக்கு, பணம் இப்போதா சாயங்காலமா என்று அங்கேயே தீர்ந்துவிடும். எடுத்தவர் தூக்கிக்கொண்டு போவார். எடுக்காதவர் ஏன் எடுக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். வரவேற்புரை கிடையாது, நன்றியுரை கிடையாது. சண்டை வரும், வசவு வரும், அடுத்த கூறுக்கு எல்லாரும் மறுபடி அதே வட்டத்தில் நிற்பார்கள். நல்ல கூட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் எனக்கு அந்த வட்டம்தான் ஞாபகம் வருகிறது. பொருள் எல்லார் கண்ணுக்கும் தெரியவேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பேசவேண்டும், பின்வரிசை விரலும் எண்ணிக்கையில் சேரவேண்டும், போகும்போது யார் எதைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மண்டபத்தில் வசவு ஒன்றும் விழவில்லை. 12.55-க்கு, வியாபாரிகள் இப்போது தங்கள் கருத்தைச் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். மைக் ஒன்றுதான், அது மேடையில் இருந்தது. நேரமின்மை காரணமாக ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் முறையாகப் பதில் வரும் என்றார்கள். சீட்டும் பேனாவும் கொடுத்தார்கள். கண்ணாடி வைத்த, பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வரிசை வரிசையாக வந்தது. ஒரு சீட்டும் கீழே விழவில்லை. இத்தனை வருஷத்தில் எங்கள் சொல்லை யாரும் இவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்ததில்லை.

திருநெல்வேலிப் பக்கத்து மானூரில் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச் சபை எப்படிக் கூட வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். கொண்டுவருகிற ஒவ்வொன்றையும் வேண்டாம் வேண்டாம் என்று மறித்துக்கொண்டே இருப்பவர்களுக்கும், அவர்களுக்குத் துணை போகிறவர்களுக்கும் ஐந்து காசு தண்டம். சபையில் எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்ல ஆள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் தொல்லை தாங்காமல் தண்டம் வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்து உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளில் குடவோலை முறை இருக்கிறது. அந்த முறையில் நிலமும் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் இடம், மற்றவர்களுக்கு இல்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதிலேயே இன்னொன்று உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது, அவருடைய உறவுக்காரர்கள் பெயரையும் போடக் கூடாது. அமெரிக்காவில் ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1863-ல் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய், அதை நடத்தத் தெரியாமல் திண்டாடி, அந்த அவமானத்தில் படிக்கத் தொடங்கி, 1876-ல் கூட்ட விதிகளைப் புத்தகமாகப் போட்டார். முடிவு பெரும்பான்மைக்கு, பேசும் உரிமை சிறுபான்மைக்கும் என்பதுதான் அந்தப் புத்தகம் காட்டுகிற வழி. இவர்கள் எல்லாரும் எத்தனை பாடுபட்டிருக்கிறார்கள்! தண்டம், குடம், விதி, புத்தகம். எங்கள் கூட்டத்தை நடத்தியவர்களுக்கு இவற்றில் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரே ஒரு மைக்கை எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தது, அது போதுமானதாக இருந்தது.

இந்த ஊருக்கே சொந்தமான ஒரு கூட்டமும் உண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிரிந்து இந்தியாவோடு சேர்வதா என்று முடிவெடுக்க, 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடினார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர். ஒரே கேள்வி. 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். இருநூறு வருஷத்துக்கும் மேலான ஆட்சி பற்றிய கேள்வி ஒரே நாளில் தீர்ந்தது. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றத்துக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை. எங்கள் மார்க்கெட்டுக்குப் பெயர் கொடுத்த எதுவார் கூபேர் 1954-ல் இணைப்பின் பக்கம் வந்து நின்றவர். பிறகு 1963-ல் இந்த யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் ஆனவர்.

கீழூரில் எனக்குப் பிடித்தது அந்த 170 அல்ல, 8. ஊரே ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வேண்டாம் என்று சொன்ன எட்டுப் பேரையும் எண்ணி எழுதினார்கள். எழுபது வருஷம் கழித்தும் பள்ளிக்கூடப் பிள்ளை அந்த எண்ணைச் சொல்கிறது. அந்த எட்டு இருப்பதால்தான் 170-க்கு ஒரு கனம். எங்கள் கூட்டத்தின் தீர்மானத்தில் எட்டு இல்லை, ஒன்றும் இல்லை. ‘விரிவாக விவாதிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று இருந்தது. கீழூரால் முடியாத ஒற்றுமையை ஒரு மதியச் சாப்பாட்டுக்கு முன் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்தத் தீர்மானம் எப்படி எழுதப்பட்டது என்பது தனியாகச் சொல்ல வேண்டியது. மண்டபத்துக்குள் நுழையும்போதே வாசலில் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். வருகைப் பதிவு என்றார்கள். கையெழுத்துப் போட்டால்தான் சாப்பாட்டு டோக்கன். நானும் போட்டேன். பத்து நாள் கழித்து ஒரு நகல் கைக்கு வந்தபோது, தீர்மானம் முதல் பக்கத்திலும் எங்கள் கையெழுத்துகள் அடுத்தடுத்த பக்கங்களிலும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. தாள், மை, தையல் எல்லாம் நேர்த்தி. எதற்குக் கையெழுத்து என்று முதல் பக்கம் சொல்லிவிடுகிறது, யார் போட்டது என்று அடுத்த பக்கம் சொல்லிவிடுகிறது. நடுவில் நாங்கள் எதைச் சொன்னோம் என்பதற்கு ஒரு பக்கத்தைச் செலவழித்திருந்தால் நோட்டு கனத்திருக்கும்.

மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த வீடும் அங்கேதான். துய்ப்ளேக்சிடம் துபாஷியாக இருந்த அந்த மனிதர் 1736-லிருந்து 1761-ல் சாகும்வரை எழுதி வைத்த நாட்குறிப்பைப் பார்த்தால், கூட்டக் குறிப்பு என்பது என்ன என்று புரியும். இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன தேதி, இன்ன நேரம். துரை இன்னது கேட்டார், நான் இன்னது சொன்னேன், அதற்கு இன்னார் முகம் இப்படிப் போயிற்று. பிடிக்காதவர் பேசியதையும் எழுதினார். அதனால்தான் அந்தக் காலத்துப் புதுச்சேரி எப்படிப் பேசிற்று என்று இன்றைக்கு நமக்குக் காது கேட்கிறது. அவர் 25 வருஷம் தாள் தாளாக எழுதித் தீராததை, இவர்கள் ‘விரிவாக விவாதிக்கப்பட்டு’ என்ற இரண்டே வார்த்தைக்குள் அடக்கிவிட்டார்கள். இன்னும் முந்நூறு வருஷம் கழித்துப் பெரிய மார்க்கெட்டுக்காரர்கள் என்ன பேசினார்கள் என்று ஒருவர் தேடி வந்தால், அவர் அலைய வேண்டிய அவசியம் இருக்காது.

மண்டபத்தில் நடந்ததை மட்டும் இப்படிப் புகழ்ந்து நிறுத்துவது நியாயமில்லை. இந்த அமைதி நம் ஊரில் பெரிய அளவிலேயே இருக்கிறது. கடற்கரைச் சாலையில் மேரி என்று நாம் சொல்லுகிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதைப் பழைய சாயல் மாறாமல் மறுபடி எழுப்பி 2021-ல் திறந்தார்கள். தூணும் வளைவும் வெள்ளை அடித்துக் கடலைப் பார்த்து நிற்கின்றன. பார்க்கப் பார்க்கக் கண் குளிர்கிறது. உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, அதற்குப் பிறகு 2006-ல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2011-ல் முடிந்தது. அன்றிலிருந்து நகரத்துக்குத் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. தண்ணீர் வரவில்லை என்று மேசையைத் தட்டுகிற கவுன்சிலர் இல்லை, வெளிநடப்பு இல்லை, மார்க்கெட் சாக்கடை பற்றி ராத்திரி எட்டு மணிவரை இழுக்கிற கேள்வி நேரம் இல்லை. தலைவர் இல்லை, ஆகவே தலைவரை எதிர்த்துப் பேசுகிறவரும் இல்லை. கட்டடத்தை இவ்வளவு பொறுப்பாகக் காப்பாற்றியிருக்கிறோம்.

இந்த இடத்தில் எங்கள் பங்கையும் சொல்லிவிட வேண்டும். மண்டபத்தில் நாங்கள் இருநூறு பேர் இருந்தோம். காலையில் பத்து ரூபாய் குறைத்துக் கேட்ட வாடிக்கையாளரோடு அரை மணி நேரம் வாதாடியவர்கள். எடை தட்டினால் தெரு முழுக்கக் கேட்கும்படிச் சத்தம் போடுகிறவர்கள். கடையின் எதிர்காலம் திரையில் ஓடிய நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஒரு இருமல்கூட இருமாமல் உட்கார்ந்திருந்தோம். முதல் மூன்று வரிசையில் வெள்ளைத் துணி போட்ட நாற்காலிகள் விருந்தினருக்கென்று காலியாகவே இருந்தன. அங்கே போய் உட்கார்ந்து, ஐயா, இதற்கு இப்போதே பதில் சொல்லுங்கள் என்று கேட்க ஒருவர் எழவில்லை. நானும் எழவில்லை. எங்கள் பொறுமையை மேடையிலிருந்தவர்கள் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எங்களுக்குப் பொருத்தமானதுதான்.

சாப்பாடு நன்றாக இருந்தது. வாழையிலை, சாம்பார், வத்தக்குழம்பு, இரண்டு பாயசம். யாரும் பசியோடு போகவில்லை.

நான் மண்டபத்துக்குக் கிளம்புவதற்கு முன் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கடையில் கூடை வாங்குகிற மீன்கார அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய மாமியார் உட்கார்ந்த அதே இடத்தில் அவர் உட்காருகிறார். ஞாயிறு காலை என்பதால் கையில் அரிவாள்மனையும் காலடியில் வஞ்சிரமுமாக நிமிர நேரமில்லாமல் இருந்தார். நான் சட்டை மாற்றிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்தக் கூட்டத்துக்குத்தான போற? ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வந்துடு. கட்டி முடிக்கிற வரைக்கும் நாங்க எங்க உக்காருறது? முடிச்சப்புறம் இந்த எடம் எனக்கு உண்டா இல்லியா? அத மட்டும் கேளு.”

“கேக்குறேங்க்கா.”

அதைத்தான் என் சீட்டில் எழுதினேன். தெளிவாக, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். மடித்துப் பெட்டியில் போட்டேன். பெட்டி அடுத்த வரிசைக்குப் போயிற்று.

மறுநாள் திங்கட்கிழமை. கூட்டம் குறைவு. கடை திறக்கப் போகும் வழியில் அவரே கூப்பிட்டார்.

“என்னா தம்பி, கேட்டியா? என்னா சொன்னாங்க?”

“சீட்டுல எழுதிப் போட்டிருக்கேங்க்கா. பதில் அனுப்புவாங்களாம்.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. அவர் கை ஒரு சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டே இருந்தது.

“யாருக்கு அனுப்புவாங்க? எனக்கா? எம்பேரு எழுதுனியா அதுல?”

நான் எழுதவில்லை. சீட்டில் பெயருக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதில் அப்பாவின் பெயரையும் கடை எண்ணையும் எழுதியிருந்தேன்.

“சரி போ, வியாபார நேரம்” என்று சொல்லிவிட்டு, எதிரில் வந்து நின்ற பெண்ணைப் பார்த்து, “வாம்மா, கிழங்கான் இருக்குது, பாரு, தொட்டுப் பாரு” என்றார்.